டீசல் பேருக்கு

மாதத்தின் முதல் திங்கள், காலை பத்து மணி.
கம்பெனிக்காரன் சங்கை ஊதிப் பார்ப்பான்.
ஒத்திகைதான். எர்ணாவூர் முழுக்கத் தெரியும்.
இட்லிக் கடையில் ஒருத்தரும் தலை நிமிர்வதில்லை.

டீசலுக்கு ஒன்பதே முக்காலுக்கே தெரிந்துவிடும்.
எப்படி என்று கேட்காதீர்கள்.
கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு சாண் இடுக்கு,
அதில் முழு நாயும் போய்விடும்.
வால் நுனி மட்டும் வெளியே.
சிலிண்டர் மூடி கிணுகிணுவென்று ஆடும்.

வேப்பேரியில் மாத்திரை கொடுத்தார்கள்.
இரண்டு நாள் தூங்கியது.
மூன்றாம் நாள் என்னைப் பார்த்து
யார் வேண்டும் என்பதுபோல் நின்றது.
நிறுத்திவிட்டேன்.

இறால் உரித்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில்
போனில் ஒருத்தி சொன்னாள்:
புருவத்தில் தட்டுங்கள், கண்ணுக்குக் கீழே தட்டுங்கள்,
காறை எலும்பில், அக்குளுக்குக் கீழே,
இரண்டு விரலால், மழைத் தூறல்போல.
பிராணி தொட விடவில்லையா,
அதன் பேரால் உங்களையே தட்டிக்கொள்ளுங்கள்.

சிரிப்பு வந்தது.
பேர் டீசல். ராசி தெரியாது.
நட்சத்திரம், சுங்கச்சாவடிப் பக்கம்
லாரிக்கு அடியில் கிடைத்த நாள் எதுவோ அது.

இன்றைக்குத் திங்கள்.
தரையில் உட்கார்ந்தேன், சிலிண்டர் பக்கமாக.
சங்கு எழுந்தது.
போன்காரி சொல்லித்தந்த வாக்கியத்தை ஆரம்பித்தேன்:
இந்த அச்சம் இருந்தபோதிலும் நான் உன்னை முழுமையாக
என்று வந்ததும் வாய் கோணிக்கொண்டது.
எந்த நாய்க்குப் புரியும் இது.

புருவத்தில் தட்டினேன்.
பயமாக்குதாடா? பயப்படு. நான் இங்கதான் கீறேன்.
கண்ணுக்குக் கீழே.
இது சும்மாடா. நெசம் இல்ல.
மூக்குக்குக் கீழே தட்டும்போது
அந்த நாற்றம் வந்தது.

நெசமாக வந்த ராத்திரி.
மூக்கு எரிந்துதான் எழுந்தோம்.
தணிகாசலம் குழந்தையைத் தோளில் போட்டார்.
நான் ரேஷன் கார்டை எடுத்தேன்.
மாவு டப்பாவுக்குள் இருந்த மூவாயிரத்தை எடுத்தேன்.
வாசலில் செருப்பைக்கூடத் தேடி மாட்டினேன்.
சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது.
கேட்கவில்லை என்றுதான்
இதுவரை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

விடிந்து திரும்பியபோது
கழுத்தில் ரோமம் இல்லை, வட்டமாக.
கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.
எங்களைப் பார்த்து வால் ஆட்டியது.
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காறை எலும்பில் தட்டினேன்.
வுட்டுட்டு ஓடுனேன்டா.
மறுபடியும் தட்டினேன்.
கேட்டுச்சு, ஆனா ஓடுனேன்.
இரண்டு விரல் எப்போது ஐந்து விரலானதோ,
தூறல் எப்போது அடியானதோ.

ஜன்னலில் ரெஜினா.
‘இன்னாக்கா மார்ல அட்சிக்கினு கீற,
யாரு பூட்டாங்க?’
யாரும் இல்லை என்றேன்.
நம்பாமல் கொஞ்ச நேரம் நின்று
தண்ணி லாரி வந்ததும் குடத்தோடு ஓடினாள்.

சங்கு எப்போது ஓய்ந்தது என்று கவனிக்கவில்லை.
சிலிண்டர் மூடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
குணமாகிவிட்டது என்று எழுத மாட்டேன்.
அடியில் ஈரம் வேறு.
துணி எடுத்து வரலாம் என்று கையூன்றியபோது
இடுக்கிலிருந்து மூக்கு மட்டும் வந்தது.
தட்டிய விரல்களை ஒவ்வொன்றாக மோந்தது.
எத்தனை சோப்பு போட்டாலும் போகாத இறால் வாடை.
பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.

அடுத்த மாதமும் ஒளியும்.
நானும் உட்காருவேன்.
யார் பேரால் யாருக்கு என்று
எனக்கே குழப்பம்தான்.

சாயங்காலம் சங்கிலியைக்
காயலான் கடையில் போட்டேன்.
அரைக் கிலோ, பதினாறு ரூபாய்.
‘நாய் செத்துப்போச்சாம்மா?’ என்றான்.
இல்லப்பா, தூங்குது, என்றேன்.
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டேன்.